பழங்கார்கள், புதுப்பிக்கப்படாதவை (சேலம், நாமக்கல்)

தொழிற்சாலையில் அமைந்த பெயின்ட், இருக்கை, எஞ்சின் ஆகியவை பெருமளவு மாறாத பழைய கார்கள். தமிழகச் சாலைகளில் பரவலாக ஓடியவை: 2014 வரை தயாரான அம்பாசிடர், ஃபியட் 1100, சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

அடையாளம்: லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பெயர்பெற்றது நாமக்கல். டிங்கரிங் வேலை எளிதில் நடக்கும் ஊர் என்பதால், கைபடாத வண்டியைக் கூர்ந்து பார்த்தே அறிய வேண்டும். ஹெரால்டின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். சேஸிஸ் சட்டத்தின் துருவும் வெல்டிங் தழும்பும் அப்போது தெரியும். எஞ்சின், சேஸிஸ் எண்கள் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்த வேண்டும்.

வரலாற்றுச் சான்று: வண்டியின் கதைக்கு முதல் ஆதாரம் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள உரிமையாளர் மாற்றப் பதிவுகள். நாமக்கல் மாவட்டம் 1997-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய வண்டிகளைச் சேலம் மாவட்டப் பதிவுகளில் தேட வேண்டும்.

சட்டம்: 2021 விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த, சேஸிஸ், பாடி, எஞ்சின் மாற்றப்படாத கார்களை 'விஏ' வரிசையில் விண்டேஜ் வாகனமாகப் பதியலாம், கட்டணம் ரூ.20,000. அவற்றை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட அனுமதியில்லை.