லொட்ஜில் காத்திருந்த மனைவியர்

வீசா நேர்முகத்துக்காக வன்னியிலிருந்து கொழும்பு வரும் பெண், தூதரக வாசலை அடையுமுன் வேறு பல வாசல்களைக் கடக்க வேண்டியிருந்தது. கிளிநொச்சியில் புலிகளின் பயண அனுமதி, ஓமந்தையில் இராணுவச் சோதனை, கொழும்பில் பொலிஸ் பதிவு. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் அவ்வாறு தங்கியிருந்த மனைவியர் பலரை நான் சந்தித்திருக்கிறேன். கணவர் கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருப்பார். விவாகப் பதிவுச் சான்றிதழ், கல்யாண அல்பம், கடிதக் கட்டு ஆகியவைதாம் திருமணம் மெய்யானது என்பதற்குச் சாட்சி. (ஷெல்லடிக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பிய அல்பம் எத்தனை பேரிடம் இருந்திருக்கும்!)

2007 ஜூன் 7 அதிகாலை பொலிஸார் அந்த லொட்ஜ்களுக்குள் புகுந்தனர். தகுந்த காரணமின்றித் தங்கியிருக்கிறார்களாம். வெளிநாடு செல்லக் காத்திருந்தோர், சிகிச்சைக்கு வந்தோர் என 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டனர். பெரும்பாலானோர் இறக்கப்பட்ட இடம் வவுனியா. நேர்முகத் திகதியோ கொழும்பில்.

மறுநாள், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் மீது உயர் நீதிமன்றம் வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஒரு பகுதியினர் கொழும்புக்குத் திருப்பி அழைத்துவரப்பட்டனர்.

அவர்களுள் ஒருவரான முல்லைத்தீவுப் பெண், தடையுத்தரவைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"கடிதக் கட்டை அறையிலேயே விட்டிட்டன் ஐயா. முதலாளி எடுத்து வைச்சிருப்பாரோ?"

வைத்திருந்தார்.