ராஜா வாய்க்கால் கொண்டுவந்த மண்

பரமத்தி வேலூரின் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் எதனால் செழித்தன என்றால் எல்லோரும் தண்ணீரைத்தான் சொல்வார்கள். ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜா வாய்க்காலை அல்லாள இளைய நாயக்கர் வெட்டினார் என்பது ஊர் வழக்கு. அதுவும் தண்ணீர்க் கதையாகவே சொல்லப்படுகிறது. அது பாதிக் கதைதான். 1934-க்கு முன் அந்த வாய்க்காலில் நீரோடு குடகும் மைசூர்ப் பீடபூமியும் நீலகிரியும் கரைந்து வந்தன. தென்மேற்குப் பருவமழை மலைச்சரிவில் அரித்து இறக்கும் மண்ணில் பருமணல் ஆற்றடியில் உருண்டு பின்தங்கிவிடும். நுண்ணிய களியும் வண்டலும் நீரின் சுழிப்பில் மிதந்தபடியே நெடுந்தூரம் வரும். ஆடிப் புதுவெள்ளம் செந்நிறமாக வந்தது அதனால்தான். ஆற்றைவிட மெல்ல ஓடும் வாய்க்காலில் அதில் ஒரு பங்கு படியும். நீர் தேங்கி நிற்கும் வயலில் மீதி இறங்கும். தூர் வாருகிற வேலை ஓயாததும், வயல் வளம் குறையாததும் இந்த ஒரே மண்ணால்தான்.

காவிரி அப்படியொன்றும் மண் சுமக்கும் ஆறல்ல என்று மறுக்கலாம். கங்கை இறங்கிவரும் இமயம் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் இளம் மலை. அங்கே பனியாறுகளே பாறையை அரைத்து ஆற்றில் விடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையோ பழைய கெட்டிப் பாறை, மேலே காடு வேறு. கங்கையின் சுமைக்குக் காவிரியின் சுமை ஈடாகாது என்பது உண்மைதான். ஆனால் வயலுக்கு மலை வேண்டாம், ஆண்டுக்கொரு மெல்லிய பூச்சு போதும். அதற்கு மேல் வந்திருந்தால் வாய்க்காலே மேடிட்டுப் போயிருக்கும்.

1934-இல் வந்த, 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் அணை நீரையும் மண்ணையும் பிரித்தது. தேங்கிய நீரில் வண்டல் அடியில் தங்க, தெளிந்த நீர் மட்டும் கீழே வந்தது. பவானி ஆறு மேட்டூருக்குக் கீழே கலப்பதால் நீலகிரி மண் இன்னும் சில காலம் வந்தது. 1955-இல் பவானிசாகர் அணை அதையும் பெருமளவு நிறுத்தியது. சேர்வராயன் மலையிலிருந்து சேலம் வழியாக வரும் திருமணிமுத்தாறு ஜேடர்பாளையத்துக்குக் கீழேதான் காவிரியில் சேர்கிறது. வாய்க்காலுக்கு அதனால் பயனில்லை (சேலத்துச் சாக்கடையைச் சுமக்கும் இன்றைய நிலையில் அதுவும் நல்லதுதான்).

1924-இல் வந்தது போன்ற பெருவெள்ளத்தை அடக்கியதும், நீரைத் தேக்கிக் கொடுத்ததும் மேட்டூர்தானே என்பார்கள். மறுப்பதற்கில்லை, அணையை யாரும் குறை சொல்லவில்லை. அதன் வரவைக் கணக்கிட்டவர்கள் வேலூர் வயல்கள் இழந்த வண்டலைச் செலவில் எழுதவில்லை என்பதே வாதம். 2017-இல் மேட்டூரைத் தூர் வாரத் தொடங்கி, விவசாயிகள் வண்டலை இலவசமாக அள்ளிக்கொள்ள அரசு அனுமதித்தது. மண் இலவசம் என்றாலும் அதை வேலூர் வரை கொண்டுவர லாரி வாடகை இருக்கிறது. அடுத்த முறை தூர் வாரும்போது ராஜா வாய்க்கால் பாசனத்தாருக்கு அந்த வாடகையையும் அரசே ஏற்க வேண்டும்.