மதராஸுக்குக் கப்பலேறிய குளம்

மாசச்சூசெட்ஸ் குளங்களில் குளிர்காலம் வந்தால் முதலில் மேல்நீர்தான் உறையும். தண்ணீரின் அடர்த்தி 4 டிகிரி செல்சியஸில் உச்சத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே குளிரக் குளிர அது இலேசாகி மேலேயே தங்கிவிடும். உறைந்த பிறகு இன்னும் இலேசு. ஒரு கன சென்டிமீட்டர் பனிக்கட்டி ஏறத்தாழ 0.92 கிராம்தான். பெரும்பாலான பொருள்களின் திண்மம் அதன் திரவத்தில் மூழ்கும், பனிக்கட்டியோ மிதக்கும். இந்த விதிவிலக்கு இல்லாவிட்டால் குளத்தின் மேல் குதிரையை ஓட்டிப் பனிக்கட்டி அறுக்கும் தொழிலே பிறந்திருக்காது.

அந்தத் தொழிலைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர் பாஸ்டன் வணிகர் பிரடெரிக் டியூடர். 1806-இல் மார்டினிக் தீவுக்கு அனுப்பிய முதல் சரக்கில் அவருக்கு நஷ்டம். பின்னர் நத்தானியேல் வயத் என்பவர் குதிரை இழுக்கும் வெட்டுக் கருவியை உருவாக்கினார். பாளங்கள் ஒரே அளவில், சதுரமாக வந்தன. சந்து விடாமல் அடுக்க முடிந்ததால் மொத்தக் குவியலின் வெளிப்பரப்பு சுருங்கியது. வெப்பம் நுழையும் வழியும் சுருங்கியது. சுற்றிலும் மரத்தூள் திணித்தார்கள். தூளைவிட, அதனுள் சிறைப்பட்ட காற்றுதான் வெப்பத்தை மறித்தது.

1833 மே மாதம் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்த நான்கு மாதப் பயணம். செப்டம்பரில் கரை சேர்ந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது.

எனக்கு அந்தக் கரைந்துபோன 80 டன்தான் முக்கியமாகப் படுகிறது. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டி, அதே 0 டிகிரியில் தண்ணீராக மாறுவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பத்தை விழுங்குகிறது. அத்தனை வெப்பம் உள்ளே போயும் வெப்பமானி அசையாது. மூலக்கூறுகளின் ஒழுங்கான கட்டுமானத்தைத் தளர்த்துவதிலேயே அது செலவாகிறது. கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதை அளந்து சொன்னார். நம் பாடப்புத்தகத்தில் இதன் பெயர் உள்ளுறை வெப்பம். 80 டன் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கக்கூடிய வெப்பம் கப்பலின் அடித்தளத்துக்குள் புகுந்திருக்கிறது. ஓரத்துப் பாளங்கள் உருகி அதை வாங்கிக்கொண்டன. நடுவில் இருந்தவை திண்மமாகவே நின்றன. ஆகவே அந்த 80 டன்னை இழப்புக் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை. மிஞ்சிய 100 டன்னுக்குக் காவல் நின்றது அதுதான்.

மதராஸ் கடற்கரையில் டியூடரின் ஐஸ் ஹவுஸ் 1842-இல் எழுந்தது. பின்னாளில் கைமாறி, 1897-இல் விவேகானந்தர் தங்கி, இன்று விவேகானந்தர் இல்லமாக இருப்பது அந்தக் கட்டடமே. ஐஸ் ஹவுஸ் எழுந்த காலத்தில் மதராஸில் துறைமுகம் கிடையாது. தள்ளி நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மசூலா படகுகள்தான் அலைகளைத் தாண்டிச் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தன. பூமியைப் பாதி சுற்றி வந்த பாளத்துக்கு இந்தக் கடைசித் தூரமே கடும் சோதனையாக இருந்திருக்க வேண்டும்: மேலே நேர் வெயில், சுற்றிலும் உப்புத்தண்ணீர். உப்பு பட்டால் பனிக்கட்டி 0 டிகிரிக்குக் கீழேயே உருகத் தொடங்கும்.

பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் மேசைகளுக்கே அது போனது. கோப்பையில் மிதந்து, உருகி, குடிக்கப்பட்டு, வியர்வையாய்த் தோலுக்கு வந்து, ஆவியாகிக் காற்றில் கலந்தது. அந்தக் கடைசி மாற்றத்துக்கு ஒரு கிராமுக்குச் சுமார் 580 கலோரி வேண்டும். உருகுவதற்குத் தேவையானதைப் போல ஏழு மடங்கு. தன் பயணத்திலேயே அது உடலை மிக அதிகமாகக் குளிர்வித்தது வாயுவாகிப் பிரிந்தபோதுதான்.

டியூடரின் வாரிசுகளுடைய வியாபாரத்தை முடித்ததும் இதே மாற்றம்தான். 1870-களில் நீராவி எஞ்சின்கள் இந்தியாவிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கின. எளிதில் ஆவியாகும் ஒரு திரவத்தைக் குழாய்க்குள் ஆவியாக விட்டால் பக்கத்துத் தண்ணீரின் வெப்பத்தை அது பறித்துக்கொள்ளும், தண்ணீர் உறைந்துவிடும். அந்த ஆவியை அழுத்தி மறுபடி திரவமாக்கி, மறுபடி ஆவியாக விட்டார்கள். மாசச்சூசெட்ஸ் குளிர்காலம் இல்லாமலே மதராஸில் தண்ணீர் உறைந்தது.