மெட்ராஸ் ஐ மட்டும் இல்லை

'மெட்ராஸ் ஐ' எல்லோருக்கும் தெரியும். அதே ஊர்ப் பெயரில் இன்னொரு நோயும் உண்டு என்பது பெங்களூர் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது: மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். 1996-இல் ஊர் சென்னை ஆகிவிட்டது, நோயின் பெயர் மாறவில்லை.

தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழிவதுதான் மோட்டார் நியூரான் நோய். இதில் அதிகம் பேசப்படும் ஏ.எல்.எஸ். பெரும்பாலும் நடுவயதுக்கு மேல் வரும். பலரை மூன்று முதல் ஐந்து வருடங்களில் கொண்டுபோய்விடும். ஆனால் சென்னை டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி. ராமமூர்த்தி மூவரும் பார்த்தது வேறு. சின்ன வயசுக்காரர்கள், கை கால் சூம்புகிறது, பேச்சு குழறுகிறது, காதும் மந்தமாகிறது. நோயோ மிக மெதுவாக நகர்கிறது. 1970-இல் இதைத் தனியாகப் பதிவு செய்தார்கள். 1971 முதல் 2007 வரை பார்த்த 116 தென்னிந்திய நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2008-இல் வெளியானது.

குணமாக்க மருந்து இல்லைதான். ஆனாலும் இணையத்தில் 'மோட்டார் நியூரான்' என்று தேடி இடிந்துபோகும் பெற்றோருக்கு, "இது அது இல்லை" என்று சொல்ல முடிவது பெரிய விஷயம்.

வடக்கே இருக்கும் டாக்டர் இதைப் பார்த்திராமல் இருக்கலாம். பிள்ளைக்குக் கை கால் பலவீனத்தோடு காதும் சரியாகக் கேட்கவில்லை என்றால், இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.