மறைப்பு நாடாவின் வரலாறு: பெயர் உள்ளவர்களும் பெயர் இல்லாதவர்களும்



வரலாறு என்றதும் அரசர், போர், ஒப்பந்தம் என்றுதான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் உங்க பென்சில் பெட்டியில் கிடக்கும் ஒரு சின்னப் பொருளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. இந்த முறை அப்படி ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். அதுதான் மறைப்பு நாடா. கடையில் 'மாஸ்கிங் டேப்' என்று கேட்டால் தருவாங்க.

பிளாஸ்டிக் விமான மாடல் செய்கிற மாணவர்கள் யாராவது உங்க பள்ளியில் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்க. மாடல் செய்வதில் ஒட்டுவது சுலபம், வர்ணம் அடிப்பதுதான் சிரமம் என்பார்கள். விமானத்தின் மேல்பக்கம் பச்சையும் பழுப்பும், அடிப்பக்கம் வெளிர்நிறம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிறம் சேரும் இடத்தில் கோடு கத்தியால் வெட்டியதுபோல் இருக்க வேண்டும். எவ்வளவு நிதானமான கையானாலும் தூரிகை ஓர் இடத்தில் தாண்டிவிடும். அதனால், வர்ணம் படக்கூடாத இடத்தை முதலில் மூடிவிடுகிறோம். அடித்து முடித்ததும் மூடியதை எடுத்துவிடுகிறோம். மறைத்துத் தீட்டுவது என்றால் அவ்வளவுதான்.

"மறைப்பு நாடாவைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டால், "ரிச்சர்ட் ட்ரூ, 1925" என்பது சரியான விடை. குறுவினாவுக்கு இது போதும். கட்டுரை வினாவுக்குப் போதாது. ஏன் 1925? அதற்கு முன்னால் மக்கள் என்ன செய்தார்கள்? அந்த ஒட்டும் பொருள் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விகளைக் கேட்கும்போதுதான் வரலாறு தொடங்குகிறது.

1. கையும் மெழுகும்

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் மாரோஸ் என்னும் இடத்தில் சுண்ணாம்புக்கல் குகைகள் பல உள்ளன. அவற்றில் ஒன்றின் பாறையில் மனிதக் கையின் வடிவம் பதிந்திருக்கிறது. கையில் வர்ணம் பூசி அழுத்திய அச்சு இல்லை அது. கையைப் பாறைமீது வைத்து, செங்காவி கலந்த நீரைச் சுற்றிலும் தெளித்து, பிறகு கையை எடுத்திருக்கிறார்கள். கை இருந்த இடம் வெறுமையாக நிற்கிறது. அதன் வயது குறைந்தது 39,900 ஆண்டுகள் என்று 2014இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இங்கே கைதான் மறைப்பு நாடா. முறை ஒன்றே, பொருள்தான் வேறு.

அடுத்து, நமக்கு நெருங்கிய சான்று ஒன்று. சோழமண்டலக் கரையின் வர்ணத் துணிகள் பல நூற்றாண்டுகளாகக் கடல் கடந்து விற்பனையாயின. மலாக்கா சந்தைக்கும் அவை வந்தன. நீலம் தோய்ப்பதற்கு அந்தக் கைவினைஞர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நீலம் ஏறக்கூடாத பகுதி முழுவதையும் மெழுகால் மூடிவிடுவார்கள். துணியை நீலச் சாயத்தில் முக்கி எடுத்த பிறகு, கொதிநீரில் போட்டு மெழுகைக் கரைத்துவிடுவார்கள். மூடிய இடம் சாயம் படாமல் வெளியே வரும்.

இந்தச் செய்முறையை விரிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் கேர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். 1742இல் அவர் எழுதிய கடிதம் ஐரோப்பாவில் அச்சாகி, அங்குள்ள துணி அச்சடிப்பவர்களின் கைக்குப் போனது. அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் உள்ளூர்ச் சாயக்காரர்கள். கடிதம் எழுதியவர் பெயர் நூல்களில் இருக்கிறது. சொல்லிக் கொடுத்தவர்கள் வெறும் 'சாயக்காரர்கள்' ஆகிவிட்டார்கள். இதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிளந்தான், திரெங்கானு பாத்தேக்கிலும் இதே முறையைப் பார்க்கலாம். சாந்திங் என்னும் சிறு செப்புக் கருவியால் உருகிய மெழுகைக் கோடாக இழுத்து, சாயம் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் பரவாமல் தடுக்கிறார்கள். பள்ளியில் பாத்தேக் செய்த மாணவருக்கு மறைப்பின் தத்துவம் ஏற்கெனவே கைப்பழக்கம்தான்.

2. ஏன் 1925?

தேவை முன்பே இருந்தது என்றால், நாடா ஏன் 1920களில் வந்தது? காரணம் மோட்டார் வண்டி.

பழைய வண்ணப்பூச்சு மெதுவாகக் காயும். ஒரு வண்டிக்கு எல்லாப் பூச்சும் அடித்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். 1920களின் முற்பகுதியில் டூப்பாண்ட் நிறுவனம் 'டூகோ' என்னும் விரைவாகக் காயும் பூச்சைக் கொண்டு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அதைத் தன் வண்டிகளுக்குப் பயன்படுத்தியது. இந்தப் பூச்சைத் தூரிகையால் அடிப்பதைவிடத் தெளிப்பான் துப்பாக்கியால் அடிப்பதே வசதி. ஒரே வண்டியில் இரண்டு நிறம் அடிப்பதும் அப்போது பெரிய மோகமாக இருந்தது.

ஆனால் தெளிப்பான் தூரிகை மாதிரி இல்லை பாருங்க. புகைபோல எல்லாப் பக்கமும் பரவும். மூடாவிட்டால் முழு வண்டியும் பாழ். பட்டறைக்காரர்கள் பழைய செய்தித்தாளைப் பசையாலும் மருத்துவ ஒட்டுநாடாவாலும் ஒட்டினார்கள். உரிக்கும்போது அடியில் இருந்த புதுப் பூச்சும் சேர்ந்தே வந்துவிடும். மறுபடியும் தேய்த்து மறுபடியும் அடிக்க வேண்டும். நேரமும் கூலியும் நட்டம்.

மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் திரீ எம் நிறுவனம் அப்போது உப்புத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தது. அதன் இளம் ஆய்வக உதவியாளர்தான் ரிச்சர்ட் ட்ரூ. புது உப்புத்தாளைச் சோதிக்க வண்டிப் பட்டறைகளுக்குப் போவது அவருடைய வேலை. அங்கே ஒரு நாள், நாடாவோடு பூச்சும் உரிந்து வந்த ஆத்திரத்தில் ஒரு தொழிலாளி திட்டித் தீர்ப்பதைக் கேட்டார். நல்ல நாடா செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

சொன்னது சுலபம். உப்புத்தாளில் பசை கெட்டியாகப் பிடித்தால் போதும். இங்கே தேவைப்பட்டதோ நேர் எதிர்: வேலை முடியும்வரை ஒட்ட வேண்டும், பிறகு எதையும் இழுக்காமல் வந்துவிட வேண்டும். எண்ணெய், பிசின் என்று பலவற்றை ட்ரூ சோதித்துப் பார்த்தார். உப்புத்தாள் வேலையைக் கவனி என்று மேலாளர் மெக்நைட் கண்டித்தும் அவர் விடவில்லை. கடைசியில், மரவேலைப் பசையில் கிளிசரின் கலந்தபோது அது காயாமல் பிசுபிசுப்பாகவே இருந்தது. தாளுக்கு, சுருக்கம் விழுந்த 'கிரேப்' தாளைத் தேர்ந்தார். சுருக்கம் நீளும், அதனால் வண்டியின் வளைவோடு நாடாவும் வளையும். 1925இல் மறைப்பு நாடா பிறந்தது.

முதல் நாடாவில் இரண்டு ஓரத்தில் மட்டும் பசை இருந்ததால் அது கழன்று விழுந்தது என்றும், "உன் ஸ்காட்ச் முதலாளியிடம் இன்னும் கொஞ்சம் பசை போடச் சொல்" என்று ஒரு தொழிலாளி கிண்டல் செய்ததால் 'ஸ்காட்ச்' என்ற பெயர் வந்தது என்றும் ஒரு கதை உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் கஞ்சர் என்பது அந்தக் காலக் கேலி. தேர்வில் இதை எழுதினால் 'என்று சொல்லப்படுகிறது' என்று சேர்த்து எழுதுங்கள். கதை வேறு, ஆவணம் வேறு.

3. பால்மரத்தின் பங்கு

மறைப்பு நாடாவின் பசை பிறகு மாறியது. இயற்கை ரப்பரும் மரப்பிசினும் கலந்த பசை பரவலானது. இன்றும் சாதாரண மறைப்பு நாடாக்கள் பலவற்றில் அதுதான் இருக்கிறது. வளைந்து நெளிந்த இடங்களுக்கு மாடல்காரர்கள் நாடாவுக்குப் பதிலாக மறைப்புத் திரவம் தடவுவார்கள். ஹம்ப்ரோல் நிறுவனத்தின் ஊதாநிற 'மாஸ்கோல்' இதில் பெயர் பெற்றது. ஓவியர்கள் நீர்வர்ணத்துக்குப் பயன்படுத்தும் மறைப்புத் திரவம் பெரும்பாலும் ரப்பர் பால்தான். பால் உறையாமல் இருக்க அதில் அம்மோனியா சேர்ப்பார்கள். மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான்.

இங்கேதான் நம் பாட்டன் பூட்டன் வருகிறார்கள். 1877இல் 22 ரப்பர் நாற்றுகள் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டு முறையை வகுத்தார். 1920களில் உலக ரப்பரின் மிகப் பெரிய பங்கு மலாயாவிலிருந்து போனது. தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெருந்தொகையினர் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கங்காணி முறையில் வந்தவர்கள். விடியும் முன் எழுந்து, பட்டையைச் சீவி, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்துச் சுமந்தார்கள். வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் பாலை மறுநாள் மெல்லிய இழையாக உரித்தெடுப்பார்கள். மாடலில் காய்ந்த மறைப்புத் திரவத்தை உரிக்கும்போதும் அதே இழைதான் கையில் வருகிறது.

அதற்காக, "மறைப்பு நாடாவை உருவாக்கியவர்கள் தமிழர்கள்" என்று எழுதிவிடாதீர்கள். அது வரலாறு ஆகாது. ட்ரூவின் முதல் நாடாவில் இருந்தது மரவேலைப் பசை என்பதைப் பார்த்தோம். சான்று எதுவரை போகிறதோ அதுவரைதான் நாமும் போகலாம். ஆனால், "ரப்பரைப் பொருளாக நம்பி நின்ற தொழில்களுக்குப் பின்னால் மலாயாத் தோட்டத் தொழிலாளர்களின் உழைப்பு இருந்தது" என்று தைரியமாக எழுதலாம். அதற்குச் சான்று நிறையவே உண்டு. பெருமைக்காகக் கூட்டவும் வேண்டாம், கூச்சப்பட்டுக் குறைக்கவும் வேண்டாம்.

4. மாடல் மேசைக்கு வந்த கதை

1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் ஓர் உதவி கேட்டது. போர் விமானங்களை நிழலுருவம் பார்த்தே அடையாளம் காணப் பழக, 1:72 அளவில் 5,00,000 மர மாடல்கள் தேவைப்பட்டன. அவற்றுக்குக் கறுப்பு மட்டும்தான் அடித்தார்கள். நிறம் ஒன்றே என்றால் மறைப்பு எதற்கு?

போருக்குப் பின் நிலைமை மாறியது. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் 1950களில் விலை மலிவான பிளாஸ்டிக் மாடல்களைக் கடைக்குக் கொண்டு வந்தது. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946இல் மர வியாபாரமாகத் தொடங்கிய தமியா, 1960இல் முதல் பிளாஸ்டிக் மாடலை வெளியிட்டது. பெட்டியின்மேல் இருந்த வண்ணப்படம்போலவே தன் மாடலும் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பையனும் ஆசைப்பட்டான். வண்டிப் பட்டறை நாடா இதற்குத் தடிப்பு. ஜப்பானியரின் 'வாஷி' தாள் மெல்லியது, நார் நீளமானது, அதனால் கிழியாமல் ஓரம் படிந்து நிற்கும். தமியாவின் மஞ்சள் நாடா 6, 10, 18, 40 மில்லிமீட்டர் அகலங்களில் இன்று உலகம் முழுக்க மாடல் மேசைகளில் இருக்கிறது.

மாணவிகள் குறிப்பேட்டில் ஒட்டும் பூப்போட்ட வாஷி டேப்பும் இதே குடும்பம்தான். ஜப்பானின் குராஷிகியில் உள்ள கமோய் நிறுவனம் 1923இல் ஈப்பிடிக்கும் ஒட்டுத்தாள் செய்து தொடங்கியது. பிறகு தொழிற்சாலை மறைப்பு நாடாவுக்கு மாறியது. 2006இல் அந்த நாடாவின் நிற அழகில் மயங்கிய மூன்று பெண்கள், தாங்கள் தயாரித்த சிறு நூலோடு தொழிற்சாலையைப் பார்க்க வந்தார்கள். 2008இல் அலங்கார நாடா விற்பனைக்கு வந்தது.

5. வகுப்பில் செய்து பார்க்க

பழைய பிளாஸ்டிக் மூடி ஒன்று போதும். ஒவ்வொரு படிக்கும் காரணத்தைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அ. முதலில் வெளிர்நிறம் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். அடர்நிறம் வெளிர்நிறத்தை மூடும், மாற்றி அடித்தால் பல பூச்சு வேண்டும்.

ஆ. நாடாவை ஒருமுறை உள்ளங்கையில் ஒட்டி எடுங்கள். பசையின் பிடி குறையும், அடிப்பூச்சு உரியாது.

இ. நாடாவின் ஓரத்தை நகத்தால் அழுத்தித் தேயுங்கள். சின்ன இடைவெளி இருந்தாலும் வர்ணம் உள்ளே ஊறிவிடும்.

ஈ. ஓரத்தின்மேல் அடியில் உள்ள அதே வெளிர்நிறத்தை இன்னொருமுறை லேசாகத் தடவுங்கள. ஊறினாலும் அதே நிறம்தான் ஊறும், இடைவெளியும் அடைபடும்.

உ. பிறகு அடர்நிறத்தை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். தடிப்பாக அடித்தால் விளிம்பில் மேடு நிற்கும்.

ஊ. நாடாவை மேலே தூக்காமல், பின்பக்கம் மடித்து மெதுவாக இழுங்கள்.

6. தேர்வுக்கு

இந்தக் கட்டுரையில் வந்தவர்களை இரண்டு பட்டியலாக எழுதிப் பாருங்கள். பெயர் உள்ளவர்கள்: கேர்து, ட்ரூ, மெக்நைட், ரிட்லி. பெயர் இல்லாதவர்கள்: குகையில் கை வைத்தவர், சோழமண்டலச் சாயக்காரர்கள், பட்டறையில் திட்டிய தொழிலாளி, தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். முதல் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தால் ஆண்டும் பெயரும் கிடைக்கும். இரண்டாவது பட்டியலையும் சேர்த்தால்தான் காரணமும் விளைவும் கிடைக்கும். அந்தத் தொழிலாளி அன்றைக்கு வாய்விட்டுத் திட்டாமல் இருந்திருந்தால், ட்ரூவுக்குத் தேவை தெரிந்திருக்குமா?

பயிற்சி வினாக்கள்:

1. மறைப்பு நாடா 1920களில் தோன்றியதற்கான மூன்று காரணங்களை விளக்குக.

2. சோழமண்டலத் துணி, பாத்தேக், மாடல் வர்ணம் ஆகிய மூன்றிலும் உள்ள பொதுத் தத்துவத்தைக் கூறுக.

3. 'சொல்லப்படும் கதை', 'ஆவணச் சான்று' ஆகியவற்றுக்கு இக்கட்டுரையிலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.

4. உங்க வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் செய்த தொழிலைப் பற்றிக் கேட்டு ஒரு பக்கம் எழுதுக. அவர்களுடைய பெயர், ஊர், வேலை செய்த ஆண்டுகளைத் தவறாமல் குறிப்பிடுக.

நான்காவது வினாவுக்குப் புள்ளி கிடையாது. ஆனால் முதலில் அதைச் செய்யுங்கள். பெரியவர்கள் சொல்லத் தயாராக இருக்கும்போதே அந்தப் பெயர்களை எழுதி வைத்துவிட வேண்டும்.