தர்மமா, வியாபாரமா? ஒரு கிராம நூலகத்தின் பத்திரம் சொல்லும் கதை

வழக்கமா இந்த பாட்காஸ்ட்ல ராஜா, கோட்டை, போர்னு பேசுவோம். இன்னைக்கு வருமான வரி. உடனே ஓடிடாதீங்க, இது எங்க ஊர் நூலகத்தோட கதை. கடைசில ஒரு சின்ன வேலையும் தருவேன்.

எங்க ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். 1998-ல ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் ஆறு பேரும் சேர்ந்து ஒரு டிரஸ்ட் பதிவு பண்ணாங்க. ஒரு நூலகம், சாயங்காலம் இலவச டியூஷன், பின்னாடி ஒரு சின்ன ஹால். நான் பத்தாவது வரைக்கும் கணக்குப் போட்டது அந்த ஹால்லதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலை காதுகுத்து, வளைகாப்புக்கு வாடகைக்கு விடுவாங்க. அந்தப் பணத்துலதான் கரண்ட் பில், புது புத்தகம், பிள்ளைங்களுக்கு நோட்டு எல்லாம்.

2024 ஜூன்ல வாத்தியார் போன் பண்ணார். "தம்பி, நீ கம்ப்யூட்டர் வேலைதானே? ஏதோ 10ஏ ஃபார்ம் போடணுமாம். மாசக் கடைசிக்குள்ள போடலைன்னா டிரஸ்ட்டு போயிடும்ங்கறாங்க."

விஷயம் இதுதான். 2020 நிதிச் சட்டம் 12ஏபி-ன்னு ஒரு புதுப் பிரிவைக் கொண்டு வந்தது. 2021 ஏப்ரல்ல இருந்து, வரிவிலக்கு வாங்கியிருந்த எல்லா அறக்கட்டளைகளும் மறுபடி பதிவு பண்ணணும். முன்னாடி ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் செல்லும். இப்போ 5 வருஷம்தான். 10ஏ படிவத்துக்கான கடைசித் தேதி பலமுறை தள்ளிப் போய், 2024 ஜூன் 30-ல வந்து நின்னுச்சு. எங்க டிரஸ்ட்டோட போர்ட்டல் கணக்கு, பத்து வருஷம் முன்னாடி இறந்துபோன ஒரு ஆடிட்டரோட போன் நம்பர்ல இருந்தது. ஓடிபி அவருக்குத்தான் போகுது. அதை மாத்தி, 27-ஆம் தேதி ராத்திரி படிவத்தை அனுப்பினோம்.

அனுப்பலைன்னா என்ன ஆகியிருக்கும்? ஹால் வாடகைக்கு வரி கட்டினா போதும்னுதான் நான் நினைச்சேன். அப்படி இல்லை. 2016-ல 115டிடி-ன்னு ஒரு பிரிவு வந்தது. பதிவு போச்சுன்னா அறக்கட்டளையின் சொத்தோட இன்றைய சந்தை மதிப்பில் கடனைக் கழிச்சு, மிச்சத்துக்கு உச்ச விகிதத்துல வரி. 2023 திருத்தத்துக்கு அப்புறம், நேரத்துக்கு விண்ணப்பிக்காத அறக்கட்டளைக்கும் அதே கதிதான். அதாவது நிலத்துக்கும் கட்டடத்துக்குமே வரி. எங்க ஊர்ல நூலகத்தை வித்தாத்தான் அதைக் கட்ட முடியும்.

இந்த 5 வருஷப் பதிவு 2026 மார்ச் வரைக்கும்தான். அதனால 2025 செப்டம்பர் 30-க்குள்ள 10ஏபி படிவம் போட்டோம். இந்தத் தடவை சும்மா வாங்கி வைக்கல, கேள்வி அனுப்பினாங்க. முக்கியமா ரெண்டு. ஒண்ணு: ஹாலை வாடகைக்கு விடுறீங்களே, இது தர்மமா வியாபாரமா? ரெண்டு: டிரஸ்ட் கலைஞ்சா சொத்து யாருக்குப் போகும்னு உங்க பத்திரத்துல ஏன் இல்லை?

முதல் கேள்வியைப் படிச்சதும் எனக்கு ஆர்வம் வந்துடுச்சு. ஏன்னா இந்தக் கேள்விக்கு 80 வருஷத்துக்கு மேல வயசு.

தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2-ல. அதுக்கு முன்னாடி நாம சேலம் மாவட்டம். அதே பழைய சேலம் மாவட்டத்துல, திருச்செங்கோடு பக்கத்துப் புதுப்பாளையத்துல, சேலத்துல வக்கீலா இருந்த ராஜாஜி 1925-ல காந்தி ஆசிரமம் தொடங்கினார். காதி அங்கே முக்கியமான வேலை. அதே வருஷம் காந்தி அகில இந்திய நூற்போர் சங்கத்தைத் தொடங்கினார். பஞ்சு கொடுத்து, ஏழைகளை நூற்க வச்சு, துணியை விக்கற அமைப்பு. விக்கும்போது கொஞ்சம் உபரி நிக்கும்ல? வருமான வரித்துறை அதுக்கு வரி கேட்டது. பம்பாய் உயர் நீதிமன்றத்துல சங்கம் தோத்துது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போய், 1944-ல சங்கத்துக்குச் சாதகமாத் தீர்ப்பு வந்தது. ஏழைகளுக்கு உதவுறதுதான் நோக்கம், உபரி யாரோட பாக்கெட்டுக்கும் போகல, அதனால இது தர்மம்.

யோசிச்சுப் பாருங்க, காந்தியோட சங்கத்துக்கே லண்டன் வரைக்கும் போய் வாதாட வேண்டியிருந்தது.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1961 வருமான வரிச் சட்டம். அதுல தர்ம காரியத்துக்கு நாலு பெட்டி இருந்தது: ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவ உதவி, நாலாவதா 'பொதுமக்களுக்குப் பயன்படும் வேறு எந்த நோக்கமும்'. இந்த நாலாவது பெட்டிக்கு மட்டும் ஒரு பூட்டு போட்டாங்க: லாபம் வரும் செயல் எதுவும் அதுல இருக்கக் கூடாது. அந்தப் பூட்டு 1984-ல எடுக்கப்பட்டு, 2009-ல வேற வடிவத்துல திரும்பி வந்தது. இன்னைக்கு நாலாவது பெட்டில இருக்கற அமைப்பு வியாபாரம் மாதிரி ஏதாவது செஞ்சா, அந்த வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால நீங்க எந்தப் பெட்டிங்கறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது.

இதை ரெண்டு பத்திரிகைகள் வழியாப் பார்க்கலாம். ஹூப்ளியில 'சம்யுக்த கர்நாடகா' நாளிதழை நடத்தின லோக சிக்ஷண டிரஸ்ட், "நாங்க மக்களுக்குக் கல்வி தர்றோம்"னு வாதாடினாங்க. 1975-ல உச்ச நீதிமன்றம் ஒத்துக்கல. கல்வின்னா முறையாகப் பாடம் சொல்லித் தர்றது, பத்திரிகை படிச்சு அறிவு வளர்றது அதுல வராதுன்னு சொன்னது. நாலாவது பெட்டி, லாபம் இருக்கு, விலக்கு இல்லை.

இன்னொண்ணு நம்ம தினத்தந்தி. சி.பா. ஆதித்தனார் ஒரு பாரிஸ்டர். 1954-ல பத்திரிகையை ஒரு அறக்கட்டளைக்கு எழுதி வச்சார். 1957-ல அதுக்கு ஒரு துணைப் பத்திரம் எழுதினார். பத்திரிகையில் மிஞ்சும் வருமானம் பள்ளி, கல்லூரி, உதவித்தொகை, விடுதி, அநாதை இல்லம் மாதிரியான காரியங்களுக்குப் போகணும்னு அதுல இருந்தது. வழக்கு 2001-ல உச்ச நீதிமன்றத்தில் முடிஞ்சது. இதுல ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. 1984-85-ல இருந்து 1991-92 வரைக்குமான கணக்குகளுக்கு விலக்கு கிடையாதுன்னு தீர்ப்பு. 1992-93-ல இருந்து விலக்கு உண்டு. பத்திரம் அதே, பத்திரிகையும் அதே. நடுவுல மாறினது சட்டத்தோட ஒரு உட்பிரிவு மட்டும்தான். புது விதிப்படி, வியாபார வருமானம் டிரஸ்ட்டோட நோக்கத்துக்கே செலவானா, அந்த வியாபாரம் நோக்கத்துக்குத் துணையானதுன்னு நீதிமன்றம் சொன்னது. அதுக்குத் தனிக் கணக்குப் புத்தகமும் வச்சிருக்கணும்.

நான் கோடு எழுதுறவன். கீழே இருக்கற லைப்ரரியோட வெர்ஷன் மாறினா, நம்ம கோடை நாம தொடாமலே அது உடையும். ஆனா எங்களுக்கு எந்த வெர்ஷன்ல ஓடுதுன்னு தெரியும். வாத்தியாருக்கு யார் சொல்லுவா?

இங்கதான் பிரச்சினை. ஊர்ல டிரஸ்ட் பத்திரம் யார் எழுதுறாங்க? சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல உக்காந்திருக்கற பத்திர எழுத்தர். அவர் தினமும் எழுதுறது கிரயப் பத்திரம், தானப் பத்திரம், பாகப் பிரிவினை. 1882 இந்திய டிரஸ்ட் சட்டத்துலயாவது வழி இருக்கான்னு பார்த்தா, அது தனியார் டிரஸ்ட்டுக்கானது, பொதுத் தர்மத்துக்கு இல்லைன்னு முதல் பிரிவே சொல்லுது. மகாராஷ்டிராவில் பொது அறக்கட்டளைகளுக்கு 1950-ல இருந்தே தனிச் சட்டம் இருக்கு. நம்மகிட்ட சங்கங்களுக்கு 1975 சட்டம் இருக்கு, பொது டிரஸ்ட்டுக்கு அப்படி ஒண்ணு இல்லை. அதனால எல்லாமே அந்தப் பத்திரத்து வரிகளை நம்பித்தான் நிக்குது. இலவச சட்ட உதவி கேக்கலாமேன்னா, 1987 சட்டத்துல அதுக்குத் தகுதியானவங்க பட்டியல்ல பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்னு இருக்காங்க. நூலகம் நடத்துற டிரஸ்ட் அதுல இல்லை.

கடைசில சேலத்துல வரி வழக்கு பார்க்கற ஒரு வக்கீலம்மாகிட்ட போனோம். அவங்க கணக்கைக் கேக்கல. "முதல்ல பத்திரத்தைக் குடுங்க"ன்னாங்க. மஞ்சளா மடிஞ்சுபோன முத்திரைத்தாள். அரை மணி நேரம் படிச்சாங்க. ரெண்டு வரிக்கு அடியில பென்சில் கோடு போட்டாங்க.

முதல் வரி, நோக்கத்துல: "ஏழை மாணவர்களுக்கு இலவசமாகப் பாடம் கற்பித்தல்". வெறும் 'நூலகம் நடத்துதல்'னு மட்டும் இருந்திருந்தா, நாலாவது பெட்டில தள்ளி 20 சதவீதக் கணக்குப் பார்க்க வாய்ப்பு இருந்தது. ஹால் வாடகை அதைத் தாண்டும். இந்த வரி இருக்கறதால முதல் ரெண்டு பெட்டிகளையும் காட்டி வாதாடலாம். வாடகைக்குத் தனிக் கணக்கு இருக்கான்னு கேட்டாங்க. வாத்தியார் 26 வருஷமா ஒரு நீல நோட்டுல எழுதி வச்சிருந்தார்.

ரெண்டாவது வரி கடைசிப் பக்கத்துல: அறங்காவலர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால், நோக்கத்தைப் பாதிக்காமல் விதிகளைத் திருத்தலாம். இது இல்லைன்னா, கலைப்பு விதியைச் சேர்க்க சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவுப்படி தருமபுரி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்திருக்கும்னாங்க. இருந்ததால ஒரு துணைப் பத்திரம் எழுதி, அதே சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணோம். 1957-ல ஆதித்தனார் எழுதின மாதிரி, எங்க லெவல்ல ஒண்ணு.

"அந்த வரியை யார் சார் போடச் சொன்னது?"ன்னு வாத்தியாரைக் கேட்டேன். "எனக்கு என்ன தம்பி தெரியும்? எழுதினவர் தானா போட்டார். முன்னூறு ரூபா வாங்கினார்னு திட்டினது மட்டும் ஞாபகம் இருக்கு"ன்னார்.

பதில் அனுப்பியாச்சு. இதைப் பதிவு பண்ற வரைக்கும் ஆணை வரல, காத்திருக்கோம். 2025-ல வந்த புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல்ல இருந்து அமலுக்கு வருது. பிரிவு எண்கள் எல்லாம் மாறும். சின்ன அறக்கட்டளைகளுக்குப் பதிவு 10 வருஷம் செல்லும்னு 2025-லயே தளர்த்தியிருக்காங்க, அது ஒரு நிம்மதி.

இப்போ நான் சொன்ன அந்தச் சின்ன வேலை. உங்க ஊர்லயும் ஒரு நூலகமோ, ஏரி பாதுகாப்புக் குழுவோ, முதியோர் இல்லமோ டிரஸ்ட்டா இருக்கும். அடுத்த தடவை போகும்போது நன்கொடை குடுக்கறதுக்கு முன்னாடி பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படிங்க. நோக்கம் தெளிவா இருக்கா, திருத்த அதிகாரம் இருக்கா, கலைஞ்சா சொத்து அதே மாதிரி இன்னொரு தர்மத்துக்குப் போகும்னு இருக்கா? அப்படியே போர்ட்டல்ல இருக்கற போன் நம்பர் உயிரோட இருக்கறவங்களோடதான்னும் பாருங்க. இல்லைன்னா எல்லாரும் சேர்ந்து காசு போட்டு ஒரு நல்ல வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி போனீங்கன்னா ஒரு சாயங்கால வேலைதான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.