ஐஸ் இல்லாத ஊரில் பிறந்த ஸ்டீம் பீர்... வீட்டில் எப்படிக் காய்ச்சுகிறார்கள்?

பெயரைப் பார்த்து நீராவியில் வேகவைத்த பீர் என்று நினைத்துவிடாதீர்கள். இது இட்லிப் பானை சமாசாரம் இல்லை. 19-ம் நூற்றாண்டில் தங்கம் தேடி கலிஃபோர்னியாவில் கூட்டம் குவிந்தபோது, கூடவே பீர் காய்ச்சுபவர்களும் லாகர் ஈஸ்ட்டோடு வந்தார்கள். லாகர் ஈஸ்ட்டுக்கு சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் அன்று போதிய ஐஸ் ஏது? 'இருக்கிற சூட்டிலேயே புளிக்கட்டும்'னு விட்டுவிட்டார்கள். பீப்பாயைத் திறந்ததும் 'புஸ்'ஸென்று வாயு சீறியதால் 'ஸ்டீம்' என்ற பெயர் வந்தது என்று பலரும் சொல்கிறார்கள்.

இந்த வகையை அழியாமல் காப்பாற்றியது, 1896-ல் தொடங்கிய ஆங்கர் ஆலை. மூடப்போகும் நிலையில் இருந்த அதை 1965-ல் ஃபிரிட்ஸ் மேடாக் வாங்கி மீட்டார். 'ஸ்டீம் பீர்' என்பதை ஆங்கர் தன் வணிக முத்திரை ஆக்கிக்கொண்டதால், மற்றவர்கள் 'கலிஃபோர்னியா காமன்' என்கிறார்கள். 2023-ல் அந்த ஆலையும் மூடப்பட்டது. அந்த ருசிக்கு ஏங்கியவர்களுக்குக் கைகொடுத்தது வீட்டு அடுப்புதான்.

ஒரு நிமிஷம்... அடுப்பைப் பற்றவைக்காதீங்க! 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால், அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் இது குற்றம். அங்கே இருக்கும் நம்மவர்களுக்கும், தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கும்தான் இந்தச் செய்முறை.

19 லிட்டருக்கான கணக்கு இது. 450 கிராம் கிரிஸ்டல் மால்ட்டை இடித்து, துணிப் பையில் கட்டி, 10 லிட்டர் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வெந்நீர் 65-70 டிகிரியில் இருக்கட்டும். பையை எடுத்துவிட்டுக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகே 3 கிலோ மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டை ஊற்றிக் கிளறணும். அணைக்காமல் ஊற்றினால் பாகு அடிப்பிடித்துக் கருகும். அந்த வாடை கடைசி பாட்டில் வரை போகாது. மறுபடி ஒரு மணி நேரம் கொதிக்கணும். நார்தர்ன் பிரூவர் ஹாப்ஸை ஆரம்பத்தில் 30 கிராம், முடிய 15 நிமிடம் இருக்கும்போது 15 கிராம், இறக்கும்போது 30 கிராம் சேர்க்கணும். பொங்கி வழியும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து ஆறவைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரால் 19 லிட்டராக்கி, கலிஃபோர்னியா லாகர் ஈஸ்ட் சேர்க்கணும். இனிமேல் படும் வாளி, குழாய், கரண்டி எல்லாம் கிருமிநாசினியில் நனைந்திருக்கணும். இதில் சோம்பல்பட்டால் மொத்தமும் புளித்த காடிதான்.

வாளியை ஏர்லாக் போட்டு மூடி, 15-17 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். சூடு ஏறினால் பழ வாடை தூக்கலாகிவிடும்.

பாட்டிலில் அடைக்கத்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். ஹைட்ரோமீட்டர் அளவு மூன்று நாள் தொடர்ந்து மாறாமல் இருக்கணும். புளிப்பு முடியாமல் அடைத்தால் வாயு ஏறி பாட்டில் வெடிக்கும்; கண்ணாடிச் சில் தெறித்துக் காயம்பட்டவர்கள் உண்டு. அடைக்கும்போது மொத்தத்துக்கும் 110 கிராம் சோளச் சர்க்கரை போதும். பிறகு இரண்டு வாரம் அறைச் சூட்டில் இருக்கட்டும்.

ஊற்றும்போது அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். ஆல்கஹால் சுமார் 5 சதவிகிதம். குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்.